உடையாமல் கழன்ற மூடி

பல்லால கடிக்காதீங்க தம்பி. இப்படிக் குடுங்க. மூடியைத் திருகவே கூடாது. மூடியைக் கெட்டியா ஒரு கையில பிடிச்சிட்டு, பாட்டிலை இந்தப் பக்கம் திருப்பணும். ம். கேட்டுச்சா? டிக் டிக்னு பொடிசா ஒரு சத்தம். அந்தச் சத்தம்தான் முப்பத்தோரு வருஷம் எனக்குச் சோறு போட்டது.

சிரிக்கிறீங்க. நிஜமாத்தான் சொல்றேன். மூடிக்குக் கீழ இந்த வளையம் இருக்கு பாருங்க, இதை ரிங்னு சொல்வோம். மூடிக்கும் ரிங்குக்கும் நடுவுல நூல் மாதிரி சின்னச் சின்னப் பாலம். முதல் தடவை திறக்கும்போது பாலம் அறுந்து ரிங் கீழ தங்கிடும். அறுந்திருந்தா யாரோ திறந்திருக்கான்னு அர்த்தம். அறுகாம இருந்தா புதுசு. இவ்வளவுதான். ஆனா அந்தப் பாலத்தை எத்தனை வைக்கணும், எவ்வளவு தடிமன் வைக்கணும், குழந்தை கையில அறுகாம, கிழவி கையில அறுகற மாதிரி எப்படி வைக்கணும், அதுக்குத்தான் என்னை மாதிரி ஆள். ஓசூர்ல மூடி செய்யற கம்பெனி. டிப்ளமா முடிச்சிட்டு அச்சு வெட்டற டூல்ரூம்ல சேர்ந்தேன், டிசைன் தலைமைக்கு வந்தேன். அர்த்தநாரின்னு கேட்டா அந்த லைன்ல எல்லாருக்கும் தெரியும். இப்ப தெரியுமான்னு கேட்காதீங்க.

நீங்க தர்மபுரிதானே? நான் மாரண்டஹள்ளிக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். பரவாயில்ல, நேரம் இருக்கு. ராயக்கோட்டையில வேற பஸ்ஸைப் பத்து நிமிஷம் போட்டுருவான்.

கடைசியா நான் செஞ்சது பூச்சிமருந்து பாட்டிலுக்கு ஒரு மூடி. ரெண்டு வருஷ வேலை. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, மருந்துல போலி ரொம்ப ஜாஸ்தி. காலி பாட்டிலைக் காட்டுல பொறுக்கிட்டு வந்து, கண்டதை ஊத்தி, புதுசு மாதிரி வித்துடுவாங்க. உள்ள ஒட்டற அலுமினியத் தாளை இஸ்திரிப் பெட்டி வச்சுத் தேய்ச்சு ஒட்டிடறான். அப்ப ரிங்தான் காவல். என்னோடதுல பன்னெண்டு பாலம், ரிங்குக்கு உள்பக்கம் பல்லு மாதிரி ஒரு அமைப்பு. திருகி எடுத்தா அறுகாம வராது. கம்பி விட்டு நெம்பினா கிழிஞ்சு காட்டிக்குடுக்கும். ஆண்டு விழாவுல எங்க ஜி.எம். நாகபூஷணம் சார் மேடையில ஒரு பாட்டிலைக் கையில குடுத்து, முடிஞ்சா உடைக்காம எடுங்கன்னு முந்நூறு பேருக்குச் சவால் விட்டார். ஒருத்தனாலயும் முடியல. எனக்கு ஷீல்டு குடுத்தாங்க.

என் வீட்டுக்காரி பூங்காவனம் அன்னிக்கு முன்வரிசையில உக்காந்திருந்தா. கைதட்டினா. அதையும் சொல்லிடணும்.

அவ படிச்சது எட்டாவது. குறையாச் சொல்லல. நல்லா சமைப்பா, வீட்டைக் கண்ணாடி மாதிரி வச்சிருப்பா. ஒரே கெட்ட பழக்கம், எதையும் தூக்கிப் போட மாட்டா. நான் மாதிரிக்குக் கொண்டு வந்த பாட்டிலெல்லாம் ஒரு கூடையில கிடந்துச்சு. எல்லாம் மருந்து படாத புது பாட்டில், மூடி போட்டது. ஆவணி மாசம், ஊறுகாய் போடறதுக்காக ஜாடியெல்லாம் கொதிக்கற தண்ணியில போட்டுக் கழுவிட்டிருந்தவ, அந்தக் கூடையில இருந்து ரெண்டு பாட்டிலையும் தலைகீழாப் போட்டிருக்கா. விளக்கெண்ணெய் ஊத்தி வைக்கலாம்னு. நான் காபி குடிச்சிட்டிருந்தேன். ஈரக் கையோட வந்து நின்னா.

"ஏங்க, இங்க பாருங்க. இது உடையாமலே வந்துடுச்சு."

மூடி ஒரு கையில, பாட்டில் ஒரு கையில. ரிங் மூடியோடவே இருக்கு. பன்னெண்டு பாலமும் அப்படியே இருக்கு.

நான் என்ன சொன்னேன்னா, கொதிக்கற தண்ணியில போட்டா பிளாஸ்டிக் இளகத்தான் செய்யும், இதுல என்ன அதிசயம்னேன். அவ போகல. திரும்ப மூடியை வச்சு ஒரு அழுத்து அழுத்தினா. ரிங் உள்ள போய் உக்காந்துகிச்சு. "இப்ப இது புதுசா பழசா? எனக்கே தெரியலீங்க. இது மருந்துக்குன்னு சொன்னீங்களே, தீர்த்தகிரி வாங்கற மருந்துக்கா?"

தீர்த்தகிரி அவ தம்பி. விவசாயம். மாரண்டஹள்ளி பக்கம்.

"சோதனையை சோதனை ரூம்ல பண்ணணும், சமையல் ரூம்ல இல்ல," அப்படின்னேன். நான் சொன்னதுல தப்பில்ல தம்பி. நியாயமாப் பாருங்க. மூடி வார்க்கற மோல்டு வெட்டியாச்சு. பதினஞ்சு நாள்ல உற்பத்தி. மருந்துக் கம்பெனி தேதி குறிச்சு விளம்பரம் குடுத்தாச்சு. அந்த நேரத்துல போய், என் சம்சாரம் ஊறுகாய் ஜாடி கழுவும்போது கழண்டுச்சுன்னு நாகபூஷணம் சார்கிட்ட நான் சொல்ல முடியுமா? ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் வந்தா, இன்னொண்ணைக் கழட்டி எடுத்துகிட்டு. நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். மூணாவது தடவை அவ வரல.

சூட்டுச் சோதனைன்னு ஒண்ணு இருக்குதான். சோதனைத் தாள்ல பதினாலாவது வரி. எங்க சூட்டு மிஷின் அப்ப ரிப்பேர். ஆள் வந்து பார்க்கணும், பாகம் பெங்களூர்ல இருந்து வரணும். ஒரு டிக் போட்டுட்டுக் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் போடறதுதான். மிஷின் ரிப்பேர்னா யார் என்ன செய்வாங்க?

ராயக்கோட்டை வந்துடுச்சு. டீ சாப்பிடறீங்களா? வேணாமா. சரி.

தையில பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். தீர்த்தகிரி என் பக்கத்துல உக்காந்து, "மாமா, போன வருஷம் மருந்து அடிச்சும் புழு சாகல, போலி போல இருக்கு"ன்னான். அவன் பயந்த சுபாவம். எதுக்கும் என்னைக் கேட்பான். கேட்டா அவனுக்கு ஒரு தைரியம். நான் என் மூடியைப் பத்திச் சொன்னேன். ரிங் உடையாம இருந்தா கண்ணை மூடிட்டு வாங்குடான்னேன். பூங்காவனம் அடுப்பாங்கரை வாசல்ல நின்னு கேட்டுட்டிருந்தா. அப்ப சொல்லியிருக்கலாமில்ல? இப்ப எல்லாரும் என்னைக் கேட்கறாங்க. அவளை ஒருத்தரும் கேட்கல.

மாசி கடைசியில ஒரு நாள் போன் பண்ணான். ஆபீஸ்ல மீட்டிங்ல இருந்தேன். "மாமா, பாலக்கோட்டுல ஒரு புதுக் கடையில மருந்து இருக்கு. கண்ணாடி போட்டுப் பார்த்துட்டேன், ரிங்கு நல்லா இருக்கு. பாலம் பன்னெண்டையும் எண்ணிட்டேன். வாங்கிடட்டுங்களா?"

"அதான் எண்ணிட்டியே. வாங்கு"ன்னேன்.

ரெண்டரை ஏக்கர் தக்காளி. காய் பிடிக்கற பருவம். அந்த வைகாசியில அவன் மக கோகிலாவுக்குக் கல்யாணம் வச்சிருந்தாங்க. தக்காளியை நம்பித்தான். மருந்து அடிச்ச மூணாம் நாள் இலை சுருண்டுச்சு. அஞ்சாம் நாள் தோட்டமே வறுத்த மாதிரி ஆயிடுச்சு. உள்ள களைக்கொல்லி கலந்திருக்கு. அது அப்புறம்தான் தெரிஞ்சுது.

பாட்டிலைத் துண்டுல சுத்தி எடுத்துகிட்டு ஓசூருக்கு வந்தான். செருப்பைக் கழட்டிட்டு, சோபாவுல உக்காராம நின்னான். நான் முறையாத்தான் கேட்டேன். ஒரு டேங்குக்கு எவ்வளவு கலந்தே? களைக்கொல்லி அடிச்ச டேங்கைக் கழுவாம இதை ஊத்தினியா? வெயில்ல அடிச்சியா? கேட்கறது தப்பா? எந்த அதிகாரியும் முதல்ல அதைத்தான் கேட்பான். அவன் ஒவ்வொண்ணுக்கும் யோசிச்சு யோசிச்சு பதில் சொன்னான். கடைசியில, "டேங்கை ரெண்டு தடவை கழுவினேன் மாமா. மூணு தடவை கழுவியிருக்கணுமோ?"ன்னான். அவ்வளவுதான், எனக்குப் பிடி கிடைச்சுது. "அதான். அதுலதான் போயிருக்கும்"னேன்.

பூங்காவனம் என்னையே பார்த்துட்டிருந்தா. அவனுக்குச் சாப்பாடு போட்டா. பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தா. வந்து, "ஏங்க, வெந்நீர்ல கழண்டுச்சே, அது"ன்னு ஆரம்பிச்சா. இருமல் மாதிரி ஒரு சத்தம் போட்டேன். நிறுத்திட்டா.

அவன் ஊர்ல யாரோ சொல்லிக் குடுத்து, மருந்துக் கம்பெனிக்குப் புகார் எழுதினான். அவங்க பாட்டிலை வாங்கி எங்க கம்பெனிக்கு அனுப்பினாங்க. மூடியை வடிவமைச்சவன் நான். அதனால என் மேஜைக்கே வந்துச்சு. சீட்டுல பேரு, தீர்த்தகிரி, தகப்பன் பேரு, ஊரு. இவன் என் மச்சான்னு நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா, உறவுக்காரனுக்குச் சாதகமா எழுதினான்னு பேச்சு வரும். முப்பத்தோரு வருஷத்துல என் மேல அப்படி ஒரு சொல் வந்ததில்ல.

லென்ஸ் வச்சுப் பார்த்தேன். ரிங்குக்கு உள்பக்கம் சுத்திலும் வெளுப்பா ஒரு தடம் இருந்துச்சு. பிளாஸ்டிக் இழுபட்டா அப்படி வெளுக்கும். வேற எதாலயும் கூட வெளுக்கலாம். வெயில்ல கிடந்திருக்கலாம். தடத்தை வச்சு ஒண்ணும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. என்ன எழுதினேன்னா, 'வாடிக்கையாளர் திறக்கும்போதுதான் வளையம் அறுந்துள்ளது. அதற்கு முன் திறக்கப்பட்டதாக விதிமுறைப்படி அடையாளம் இல்லை. பயன்படுத்தியவர் கலவையில் தவறு செய்திருக்க வாய்ப்புண்டு.' ஒவ்வொரு வரியையும் எடுத்துப் பாருங்க தம்பி, இதுல பொய் எங்க இருக்கு? அவன் திறக்கும்போதுதானே அறுந்துச்சு? வாய்ப்புண்டுன்னுதானே எழுதினேன்?

சித்திரையில ஒரு ஞாயித்துக்கிழமை நாகபூஷணம் சாரும் மருந்துக் கம்பெனி அதிகாரி ஒருத்தரும் அந்தத் தோட்டத்தைப் பார்த்துட்டுத் திரும்பற வழியில நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்தாங்க. நான்தான் கூப்பிட்டிருந்தேன். பெங்களூர்ல புதுசா டிசைன் சென்டர் திறக்கறாங்க, அதுக்கு என் பேரு போயிருந்துச்சு. விருந்துன்னா நம்ம வீட்ல குறை வைக்க மாட்டா. வாழை இலை, வடை, ரெண்டு பொரியல், பாயசம்.

சாப்பிடும்போது அந்த அதிகாரி சொன்னார். "அந்த விவசாயி, தீர்த்தகிரியோ என்னமோ, அழுத்தமான ஆளு சார். பாலத்தை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்னு சத்தியம் பண்றான். நம்ம அர்த்தநாரி ரிப்போர்ட் இல்லேன்னா நானே நம்பியிருப்பேன். கலக்கத் தெரியாம கலக்கிட்டு நம்ம தலையில கட்டப் பார்க்கறாங்க."

பூங்காவனம் ரசம் ஊத்திட்டிருந்தா. ரசம் ஊத்தினா, பாயசம் ஊத்தினா, மோர் ஊத்தினா. அவங்க எழுந்து கை கழுவற வரைக்கும் காத்திருந்தா. துண்டு எடுத்துக் குடுத்தா. வெத்தலைத் தட்டை வச்சா. அப்புறம் உள்ள போய், கொதிக்கற தண்ணியோட ஒரு குண்டானை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தூக்கிட்டு வந்து டைனிங் டேபிள் மேல வச்சா. அடுத்து அந்தக் கூடை.

"சார், ஒரு நிமிஷம் பாருங்க."

எனக்குப் புரிஞ்சு போச்சு. "ஏய், என்ன இது, வச்சுட்டு உள்ள போ"ன்னேன். அவ என் பக்கம் திரும்பல. ஒரு பாட்டிலை எடுத்து, தலைகீழா, கழுத்து மட்டும் முங்கற மாதிரி பிடிச்சா. நாகபூஷணம் சார் வெத்தலையில சுண்ணாம்பு தடவினவர் அப்படியே வச்சிருந்தார். அவ எடுத்தா, புடவைத் தலைப்பால மூடியைப் பிடிச்சா, நேரா மேல ஒரு இழுப்பு. வந்துடுச்சு. மேஜை மேல வச்சு மறுபடி அழுத்தினா. அந்த அதிகாரி கையில குடுத்தா.

"எண்ணிப் பாருங்க சார். பன்னெண்டு இருக்கும்."

அவர் எண்ணினார். உதடு அசையறது தெரிஞ்சுது. எண்ணி முடிச்சு என்னைப் பார்த்தார். பூங்காவனம் சொன்னா: "போன ஆவணியிலயே இவருகிட்ட ரெண்டு தடவை காட்டினேன். அந்த விவசாயி என் தம்பி."

முப்பத்தோரு வருஷ வேலை தம்பி. என் வீட்ல, நான் கூப்பிட்ட விருந்தாளி முன்னாடி, என் சோத்தைச் சாப்பிட்டுட்டு நிக்கறவங்க முன்னாடி. எந்தப் பொண்டாட்டியாவது செய்வாளா? என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னாதான். சொன்னதை நான் கேட்கலன்னு வைங்க. அதுக்கு இதா?

நாகபூஷணம் சார் மெதுவாக் கேட்டார். "உண்மையா அர்த்தநாரி? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

வாய்க்கு என்ன வந்துச்சோ அதைச் சொன்னேன். "இல்ல சார். அவளுக்கு ஒரு வருஷமா மனசு சரியில்ல. மாத்திரை சாப்பிடறா. எதையாவது நினைச்சுக்குவா, நடந்த மாதிரியே பேசுவா. மன்னிச்சுக்கங்க"ன்னேன்.

யாரையும் கெடுக்கணும்னு சொல்லல. அந்த நிமிஷத்தைத் தாண்டணும். அவ்வளவுதான் எனக்குத் தோணுச்சு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறா, அது உண்மை.

அவ என்னைப் பார்த்தா. கோபமா ஒரு பார்வைன்னா பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். பஸ்ல பக்கத்து சீட்டுல யாரு உக்காந்திருக்கான்னு பார்ப்போமில்ல, அது மாதிரி பார்த்தா. குண்டானை எடுத்துகிட்டு உள்ள போயிட்டா.

அவங்க ரெண்டு பேரும் மனசு சரியில்லாதவளை நம்பறதா வேணாமான்னு யோசிக்கல. நேரா ஆபீசுக்குப் போய், கேன்டீன்ல டீத்தண்ணி கொதிக்கற பாத்திரத்துல பத்து பாட்டிலை முக்கிப் பார்த்திருக்காங்க. பத்தும் வந்துடுச்சு. மறுநாள் காலையில மோல்டை நிறுத்திட்டாங்க. கோயம்புத்தூர்ப் பொண்ணு ஒண்ணு, சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகல, ரிங்கையே வேற மாதிரி போட்டுக் குடுத்தா. சூடு பட்டா சுருங்கற மாதிரி. நல்ல வேலைதான், நான் இல்லேன்னு சொல்லல. அடிப்படை என்னோடது. எனக்கு விருப்ப ஓய்வுன்னு ஒரு கடுதாசி நீட்டினாங்க. விருப்பம் யாரோடதுன்னு அதுல எழுதல. தீர்த்தகிரிக்கு மருந்துக் கம்பெனி ஏதோ நஷ்ட ஈடு குடுத்துச்சு. அந்த வைகாசிக் கல்யாணம் நடக்கல. மாப்பிள்ளை வீட்ல காத்திருக்க முடியாதுன்னு வேற இடம் பார்த்துட்டாங்க. இப்ப வந்திருக்கற மாப்பிள்ளை மின்வாரியத்துல இருக்கான். பார்க்கப் போனா இதுதான் நல்ல இடம். இதை யாராவது எடுத்துச் சொல்லணும்.

பூங்காவனம் அன்னிக்கு சாயந்திரம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்தா. எனக்கு ராத்திரிக்கு இட்லி மாவு இருக்குன்னு சொன்னா. மறுநாள் விடிஞ்சதும் தம்பி வீட்டுக்குக் கிளம்பிட்டா. போகும்போது நான், "எப்ப வருவே?"ன்னு கேட்டேன். "மனசு சரியானதும் வரேன்"னா. பதினாலு மாசம் ஆச்சு.

இந்தா, இந்தப் பத்திரிகையைப் பாருங்க. நாளைக்குக் காலையில கோகிலாவுக்கு முகூர்த்தம். தபால்ல வந்துச்சு. அத்தை புருஷனுக்கு, தட்டுல வச்சு நேர்ல வந்து குடுக்க வேண்டிய பத்திரிகை, அஞ்சு ரூபா ஸ்டாம்பு ஒட்டி வருது. ஆனா உள்ள பாருங்க, 'அத்தை மாமா: பூங்காவனம், அர்த்தநாரி'ன்னு போட்டிருக்கான். என் பேரை எடுக்கல. எடுத்திருந்தா எனக்கு வேலை சுலபமாப் போயிருக்கும்.

முந்தாநாள் நானே பூங்காவனத்துக்குப் போன் பண்ணேன். பந்தல் கட்டற சத்தம் கேட்டுச்சு. வரட்டுமான்னேன். பந்தல்காரன்கிட்ட ஏதோ சொல்லிட்டு வந்தா. அப்புறம் சொன்னா, "வாங்க. மண்டபத்துல பத்து பேர் முன்னாடி ஒண்ணும் வேணாம். ராத்திரி பொண்ணழைப்புக்கு முன்னாடி தீர்த்தகிரியைத் தனியாக் கூப்பிட்டு, 'உன் மேல தப்பில்லடா'ன்னு சொல்லுங்க. அது போதும். கம்பெனிக்காரங்க சொல்லியும் அவன் நம்பலீங்க. நீங்க சொன்னதைத்தான் நம்பறான். இப்பவும் டேங்கை நாலு தடவை கழுவறான்."

"சரி, உனக்கு?"ன்னு கேட்டேன். கேட்கணுமில்ல. அன்னிக்கு நான் சொன்னதுக்கு.

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்"னா. வச்சுட்டா.

மூணே வார்த்தை. ஓசூர்ல பஸ் ஏறினதுல இருந்து வாய்க்குள்ள சொல்லிப் பார்த்துட்டே வரேன். உன் மேல தப்பில்லடா. சொல்லலாம், என்ன வந்துச்சு? உங்ககிட்ட இவ்வளவு நேரம் எல்லாத்தையும் சொல்லிட்டேன், ஒண்ணும் ஆகலயே. நீங்க யாரோ. ஆனா அவன்கிட்ட சொன்னா, அவன் கண்ணு கலங்கும், என் காலைத் தொட்டாலும் தொடுவான். அவன் மேல தப்பில்லன்னு ஆயிட்டா, அப்புறம் மிச்சம் யாரு இருக்கா தம்பி? பாலக்கோட்டுக் கடைக்காரன் ஓடிட்டான். மிஷின் ரிப்பேர். மிச்சம் யாரு?

மாரண்டஹள்ளியா? ஆமா, அதான். அந்தக் கல்யாண மண்டபம் தெரியுது பாருங்க, சீரியல் பல்பு போட்டிருக்காங்க. பகல்லயே எரியவிட்டிருக்கான்.

இல்ல தம்பி, நீங்க எழுந்திரிக்க வேணாம். காலை மடக்கிக்கறேன், அந்த அம்மா இறங்கட்டும்.

உக்காருங்க, உக்காருங்க. கண்டக்டர், இங்க ஒரு தர்மபுரி.